ஒன்றரை ஷிப்ட் முடிந்த பிறகு

வாடகைப் புத்தகத்துக்கு முதுகில் துளை போட்டுச் சணலால் தைத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு வரியிலும் ஓரிரண்டு எழுத்து தையலுக்குள் போய்விடும். கதாநாயகன் கோபத்தில் என்ன சொன்னான் என்பதைப் பாதி ஊகித்துத்தான் படிக்க வேண்டும். மேலட்டையில் பாலிதீன் உறை. அதுவும் பனியன் போட்டு ஏற்றுமதிக்கு அனுப்புகிற உறைதான், கம்பெனியில் மீந்தது. உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தின் மூலையில் நாலைந்து பேருடைய அடையாளம் இருக்கும். ஒருத்தி பூ போட்டிருப்பாள், ஒருத்தி தன் பெயரின் முதலெழுத்தைச் சுழித்திருப்பாள். இந்தக் கதையை ஏற்கெனவே படித்துவிட்டோமா என்று அடுத்த முறை எடுக்கும்போது தெரிந்துகொள்ள அவர்கள் வைத்த குறி அது.

தொண்ணூறுகளின் திருப்பூர். அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தொன்றில் அந்த லெண்டிங் லைப்ரரி இருந்தது. கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்காது, அவ்வளவுதான் அறை. முன்பணம் கட்டினால் நோட்டில் பெயர் எழுதிக்கொள்வார்கள். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. மேல் தட்டில் கல்கி, சாண்டில்யன். நடுத் தட்டில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. கைக்கெட்டும் தட்டு முழுக்க ரமணிச்சந்திரன். அந்தத் தட்டு மட்டும் எப்போதும் பாதி காலியாக இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் போனால் அதுவும் இருக்காது. சனிக்கிழமைதான் கம்பெனிகளில் சம்பளம், ஞாயிறு லீவு. மளிகைக் கடையில் பாக்கியை அடைத்துவிட்டு, குழந்தைக்குப் பன் வாங்கிக்கொண்டு, அப்படியே இந்தக் கடைப் படியேறும் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும்.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் மட்டும் படிக்கிற கல்லூரி. பல்லடம் ரோட்டில் எங்கள் எல்.ஆர்.ஜி.யும் காலேஜ் ரோட்டில் சிக்கண்ணா கல்லூரியும் ஊரின் இரண்டு ஓரத்தில் இருந்தன. நடுவில் டவுன் பஸ் ஓடியது. எங்களுக்குக் கல்லூரிக் காதல் என்றால் அந்த டவுன் பஸ்ஸின் முன்படிக்கும் பின்படிக்கும் இடையில் நடப்பது, இல்லாவிட்டால் புத்தகத்தில் நடப்பது. பஸ்ஸில் நடந்தது பெரும்பாலும் ஒரு பார்வையோடு நின்றுபோகும். புத்தகத்தில்தான் அவன் பேசினான், தப்பாகப் புரிந்துகொண்டான், சுடுசொல் சொன்னான், ராத்திரி தூங்காமல் தவித்தான்.

ரமணிச்சந்திரன் நூற்றைம்பதுக்கு மேல் நாவல் எழுதியவர். 'வெண்மையில் எத்தனை நிறங்கள்', 'மயங்குகிறாள் ஒரு மாது' என்று தலைப்பைச் சொன்னாலே எங்கள் வயதுப் பெண்களுக்கு அட்டைப்படம் வரை ஞாபகம் வரும். கதையின் அடிப்படை பெரிதாக மாறாது. அவன் பணக்காரன், முன்கோபி, பெண்களை நம்பாதவன். அவள் கஷ்டப்பட்ட வீட்டுப் பெண், படித்தவள், கையில் காசில்லாவிட்டாலும் தன்மானத்தை விடாதவள். எதிரும் புதிருமான இரண்டு பேர். ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு நேர்மாறாகப் போய்ச் சேரும். கடைசிச் சில பக்கங்கள்வரை இழுத்துக்கொண்டு போய், அங்கே முடிச்சை அவிழ்ப்பார். இதை 'ஒரே கதை' என்று ஏளனம் செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எங்கள் பேராசிரியர்கள் உட்பட. அவர்கள் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. அந்தப் பெண் எதற்கும் கெஞ்சமாட்டாள். வேலைக்குப் போவாள், சம்பளம் வாங்குவாள், அவன் வீட்டுப் படியிறங்க வேண்டும் என்று தோன்றினால் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குவாள். 'எனக்கு வேண்டாம்' என்று ஒரு பெண் வாய் திறந்து சொல்லி, அதற்குப் பிறகும் அவள் மரியாதையோடு வாழ்வதை நாங்கள் முதலில் பார்த்தது அந்தப் பக்கங்களில்தான். வீட்டில் யாரும் எங்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

எனக்கு அந்தக் காலத்தை நினைத்தால் புத்தகத்தைவிட, அதைக் கூடவே படித்த அக்காதான் முன்னால் வருகிறார்.

நாங்கள் குடியிருந்தது ஒரு வளவில். எதிரெதிராக லைன் வீடுகள், நடுவில் ஒரே அடிபம்பு. அங்கே குடியிருந்த அந்த அக்கா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து மழை பொய்த்த வருஷமெல்லாம் குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கு ஆள் இறங்கிய காலம். வந்த புதிதில் அக்கா தைக்கிறவருக்குப் பக்கத்தில் கைமடித்தார், பிறகு துணியில் குறை பார்க்கிற செக்கிங். காலையில் எட்டரைக்குள் உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்கு வெளியே. அது ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் விடிய விடிய ஓடும்.

புத்தகம் என் பெயரில் எடுப்போம், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வோம். பகலெல்லாம் என் முறை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அக்காவின் முறை. சோற்றை வடித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, வாசல்படியில் ஜீரோ வாட் பல்புக்குக் கீழே உட்கார்ந்துவிடுவார். அவர் புத்தகம் பிடிக்கிற விதமே தனி. பீஸைப் பார்க்கிற கண்ணாலேயே கதையையும் பார்ப்பார்: எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே ஊசி ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை. "நாப்பதாம் பக்கத்துல பச்சைச் சேலை கட்டிக் கெளம்புனா. அங்க போய் எறங்குறப்ப நீலச் சேலையாம். இந்த எழுத்தாளரு பாக்கலையா?" என்று கேட்பார். பிடிக்காத கதையை அவர் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்: "டேமேஜ்." பக்கத்துக்கு அடையாளமாகக் கட்டிங் வேஸ்ட்டிலிருந்து ஒரு நாடா வைப்பார். அந்த வாரம் கம்பெனியில் எந்த நிறம் ஓடுகிறதோ அந்த நிறம்.

மறுநாள் செக்கிங் டேபிளில் அதே கதை நடக்கும். அக்கா படித்த வரைக்கும் சொல்வார். சுற்றி நின்று பிசிறு வெட்டுகிற பெண்கள் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களும் வாடகைக்குக் கால் ரூபாய், அரை ரூபாய் கொடுத்தார்கள் என்று அக்கா சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாடப்புத்தகத்துக்கு நடுவில் ஒளித்து நான் தனியாகப் படித்த ஒரு கதைக்கு, எனக்கு முகம்கூடத் தெரியாத அத்தனை பேர் காத்திருந்தார்கள். சில ராத்திரி அக்காவுக்கு ஷிப்ட் நீண்டு, படிக்க முடியாமல் போகும். அப்போது விடியற்காலை அடிபம்படியில் என்னைப் பிடித்துக்கொள்வார். "இந்தா புள்ள, அவன் மன்னிப்புக் கேட்டானா இல்லையா? அத மட்டும் சொல்லு. டேபிள்ல கேப்பாளுக."

அந்தக் கதைகளில் எனக்கு ஒப்பாத இடமும் இருந்தது, அதை அக்காதான் முதலில் சொன்னார். கதாநாயகன் கோபத்தில் கையை ஓங்குவான், பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து நசுக்குவான். அதுவும் அன்புக் கணக்கில் சேர்ந்துவிடும். அந்தப் பக்கம் வந்தால் அக்கா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிடுவார். அவர் வீட்டுக்காரருக்கும் கோபம் உண்டு. "கோவக்காரனுக்கெல்லாம் உள்ள பாசம் இருக்குன்னு எழுதிர்றாக. கூட இருந்து பாக்கணும்" என்றார் ஒருநாள். அதன்பிறகு எந்த முரட்டுக் கதாநாயகனையும் என்னால் முழுமனதாக ஏற்க முடிந்ததில்லை.

திருப்பூரை உள்ளபடி எழுதிய நாவல்களும் வந்தன. நொய்யல் ஆற்றில் இறங்கிய சாயத்தைச் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை'யில் எழுதினார். பனியனோடு வளர்ந்து, பணத்தோடு மாறிப்போன நண்பர்களை எம். கோபாலகிருஷ்ணன் 'மணல் கடிகை'யில் எழுதினார். இரண்டும் இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய புத்தகங்கள் என்றுதான் இன்றும் சொல்வேன். 'சாயத்திரை'யை ஆசையாக அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். "இது நம்ம பாடு புள்ள. பாட்டப் படிக்கிறதுக்கா நான் ராத்திரி முழிச்சிருக்கேன்?" எனக்கு அன்றைக்கு வருத்தம். இன்று அவர் பக்கத்து நியாயம் தெரிகிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு உட்காரும் ஒரு பெண், தான் இல்லாத ஓர் உலகத்தைக் கேட்கிறாள். அதைத் தந்தவரை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் அந்த உலகத்தில் ஒன்று வரவே வராது. நான் படித்தவற்றில் காதலுக்குக் குறுக்கே அந்தஸ்து வந்தது, அத்தை மகள் வந்தாள், பழைய பகை வந்தது. சாதி வந்து நின்றதாக நினைவில்லை. எங்கள் வளவில் அது தினமும் நின்றது. பவர் டேபிளில் தைக்கிற பையனும் பக்கத்தில் கைமடிக்கிற பெண்ணும் கண்ணால் பேசி, ஒரு சனிக்கிழமை சம்பளத்தோடு காணாமல் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வேனில் ஆள் வந்து இறங்கும். அவர்கள் கேட்கிற முதல் கேள்வி பையன் என்ன ஆள் என்பதாகத்தான் இருக்கும்.

2016 மார்ச் 13. எங்கள் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அவர் மனைவி கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். பொள்ளாச்சியில் ஒரே பொறியியல் கல்லூரியில் படித்தபோது பழகியவர்கள். 2015 ஜூலையில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். சங்கர் தலித், கௌசல்யா அப்படி இல்லை என்பதுதான் காரணம். திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அந்தக் கொலையின் கேமராக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று எனக்கு அந்தச் செக்கிங் டேபிள்தான் ஞாபகம் வந்தது. கல்லூரியில் சந்தித்த இரண்டு பேர், எதிரும் புதிருமான வீடுகள், பிடிவாதமான பெண். கதையின் முதல் பாதி முழுக்க எங்களுக்குத் தெரிந்ததுதான். இதை அக்காவிடம் பேச வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அக்கா அப்போது திருப்பூரில் இல்லை.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யலைப் பார்த்தவர்கள் யாரும் அந்த உத்தரவைத் தப்பென்று சொல்லமாட்டார்கள். ஆனால் சாயம் நின்றதும் துணி நின்றது, துணி நின்றதும் டேபிள் நின்றது. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, பிறகு வாரத்தில் பாதி நாள் ஆனது. வளவில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. அக்காவும் பாத்திரங்களை மூட்டை கட்டி உசிலம்பட்டி போனார். அந்த லைப்ரரி அதற்கு முன்பே இளைத்துக்கொண்டு வந்தது. டிவி சீரியல் பாதி வாசகிகளைக் கூட்டிப்போயிருந்தது. மீதியை இந்த ஆள் பெயர்ச்சி கூட்டிப்போனது. கடையை மூடும்போது புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தெரிந்திருந்தால் ஓடிப்போய் அந்தக் கீழ்த்தட்டையாவது வாங்கியிருப்பேன்.

காதல் கதை எழுதுவது நின்றுவிடவில்லை. போனில் தொடராக எழுதும் பெண்கள் தமிழில் இன்று ஏராளம். அவர்களில் பல பேர் ஒரு காலத்தில் இப்படி வாடகைக்கு எடுத்துப் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். திருப்பூர் புத்தகத் திருவிழாவில் ரமணிச்சந்திரன் புதுப் பதிப்புகள் சணல் தையல் இல்லாமல் பளபளவென்று இருக்கின்றன. வாங்கிப் படித்தேன். எல்லா எழுத்தும் முழுசாகத் தெரிகிறது. எந்தப் பக்கத்திலும் யாருடைய பூவும் இல்லை. நான் படித்து முடித்தால் அத்தோடு முடிந்தது. பாக்கியைக் கேட்க வெளியே யாரும் நிற்கவில்லை. கல்லூரிக்காரிக்கும் கம்பெனிக்காரிக்கும் நடுவில் பேச வேறு எதுவும் இல்லாத ஊரில், எங்களை ஒரே படியில் உட்காரவைத்தது அந்தப் பாலிதீன் உறை போட்ட புத்தகம். அது போனபிறகு அந்தப் படியும் போய்விட்டது. இப்போது அந்த வளவில் ஒடிசாப் பெண்கள் இருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போனில் அவரவர் கதை ஓடுகிறது. எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு அவர்கள் மொழி தெரியாது.

எனக்கு ஒரு நாவல் வேண்டியிருக்கிறது. கைமடிக்கிற ஒரு பெண், சிக்கண்ணாவில் படிக்கிற ஒரு பையன். இருவரும் என்ன சாதி என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஒளிக்கக் கூடாது. அவன் கையை ஓங்கக் கூடாது. நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் அழவிடலாம், நாங்கள் தாங்குவோம். கடைசிப் பக்கத்தில் இருவரும் உயிரோடு சேர்ந்து இருக்க வேண்டும். சேலை நிறம் மாறக் கூடாது. யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள். இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை உசிலம்பட்டிக்கு அனுப்ப வேண்டும்.