எங்க வண்டிக்கு ரெண்டு தொண்டை

2023 ஏப்ரல் 13 ராத்திரி, எங்க சங்கத்து ஆம்னி வேனுக்குள்ளேயிருந்து ஒரு நாத்தம் கிளம்பியது. ஒயர் கருகின நாத்தம். டேஷ்போர்டில் இருந்த பாட்டு செட் செத்துப்போனது. கொன்றது நான்தான். விடிந்தால் அண்ணல் பிறந்தநாள்.

சொந்தமாக ஒலிபெருக்கி வைத்துக்கொள்வது எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. ஊர்த்தெருவில் மைக் செட் வாடகைக்கு உண்டு. காது குத்துக்குக் கேட்டால் எங்களுக்கும் வரும், பணம் கூடுதலாக. ஏப்ரல் 14க்கு மட்டும் வராது. அன்றைக்கு அது எப்போதும் ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கும். எத்தனை வருசம்தான் ஒரே கல்யாணம் நடக்கும்? அதனால் சீட்டுப் பிடித்து, வசூல் பண்ணி, பழைய வேன் ஒன்று வாங்கினோம். அதிலேயே ஒரு செட்டும் கதவுகளில் இரண்டு ஸ்பீக்கரும் இருந்தன. 12 வோல்ட்டில் ஓடுகிற மைக் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், கூரைக்கு இரண்டு குழாயும் தனியாக வாங்கினோம்.

குழாயில் பேச்சு நன்றாகக் கேட்கும், பறை கேட்காது. சுண்டுக்குச்சியின் சத்தம் வரும். அடிக்குச்சி இறங்கும்போது நெஞ்சில் விழுகிற அடி வராது. கீழ்ச்சுருதியைக் குழாய் விழுங்கிவிடும். கதவு ஸ்பீக்கரில் அது வரும், ஆனால் செட்டின் பலம் போதாது. சரி, கதவு ஸ்பீக்கருக்குச் செட்டும் ஓட்டட்டும், ஆம்ப்பும் ஓட்டட்டும் என்று நினைத்தேன். ஆம்ப்பிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து, செட்டின் ஒயர் இருந்த அதே முனைகளில் முறுக்கிவிட்டேன். இரண்டு வாய்க்கால் ஒரே ஏரியில் விழுந்தால் தண்ணி கூடத்தானே செய்யும்? எம்.ஏ. தமிழ் படித்தவளின் மின்சார ஞானம் அவ்வளவுதான்.

எங்க தெருத் தம்பி ஒருத்தன் ஐடிஐ முடித்துவிட்டு டவுனில் கார் சாமான் கடையில் இருக்கிறான். ராத்திரி பதினொரு மணிக்கு வந்து மோந்து பார்த்தான்.

"அக்கா, கரண்ட்டு ஸ்பீக்கருக்குள்ள போவணும்னு நெனச்ச. அது ஏன் போவுது? ஸ்பீக்கர் 4 ஓம் தடுக்குது. செட்டோட வாயில ஒரு ஓம் கூட இல்ல. ஆம்ப்பு தள்ளுனது ஸ்பீக்கர உட்டுட்டு நேரா செட்டுக்குள்ள பூந்துடுச்சி. இது தள்ள, அது இழுக்க, ரெண்டும் ஒன்னத்தான் ஒன்னு அடிச்சிக்கிச்சி. ஐசி போச்சி."

ஒரே ஸ்பீக்கரை இரண்டும் ஓட்டியே தீரணும் என்றால் நடுவில் மாற்றுச் சுவிட்ச் போடவேண்டுமாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அதிலும் ஒரு ஒயரை மட்டும் மாற்றினால் ஆகாது, இரண்டையும் மாற்றணும். கார் செட்டில் ஸ்பீக்கருக்கு வருகிற இரண்டு ஒயருமே உயிருள்ளவை. ஒன்றை பாடியில் தொடவிட்டாலும் போயிற்று. செட் மேல் 50 வாட் என்று நாலு தடவை எழுதியிருந்ததே என்றேன். சிரித்தான். 12 வோல்ட் பேட்டரியில் ஒரு பக்கத்துக்கு 20 வாட் வந்தால் அதிகமாம். எழுத்தில் இருக்கிற பங்கீடு கைக்கு வராது என்பது நமக்குத் தெரியாததா என்ன.

கடையில் கழற்றிப் போட்டிருந்த பழைய செட்டைக் காலையில் கொண்டுவந்தான். செட்டின் முதுகில் ஸ்பீக்கர் ஒயர் போக, சின்னதாக சிவப்பு வெள்ளைத் துளைகள் இருக்கின்றன. அதில் பலம் இல்லை, வெறும் சேதி மட்டும் வரும். அந்தச் சேதியை ஆம்ப்பின் காதில் கொடுத்தான். கதவு ஸ்பீக்கர் செட்டோடேயே இருந்தது. கூரைக் குழாய் ஆம்ப்போடு போனது: 16 ஓம் குழாய் இரண்டை இணையாகச் சேர்த்து, 8 ஓம் முனையில். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ். ஒரே பாட்டு, இரண்டு தொண்டை. மைக்கைப் பிடித்தால் பாட்டின் திருகை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்.

தாத்தா இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருசம் தண்டோரா போட்டவர். வரி கட்டு, கோயில் கூழு, ஏரி மீன் ஏலம், எல்லாவற்றையும் ஊர்த்தெரு முக்குக்கு முக்கு நின்று கத்தியவர். சின்ன வயசில் அவர் கூடவே ஓடியிருக்கிறேன். அத்தனை சேதியில் எங்க தெருவின் சேதி ஒன்று கூட இருந்ததில்லை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார், தண்டோரா வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்று. பேப்பரில் வந்ததைப் படித்துக் காட்டினேன். நல்லதுதான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தோலுக்குப் பதிலா பேட்டரி. சேதி யாருதுன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார். 1920இல் அம்பேத்கர் தன் பத்திரிகைக்கு ஊமையர்களின் தலைவன் என்ற பொருளில் 'மூக்நாயக்' என்று பேர் வைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். நாற்பது வருசம் கத்தினவரை ஊமை என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

போலீஸ் கொடுத்த அனுமதிச் சீட்டில் எங்க தெருவும் மெயின் ரோடும் மட்டும் இருந்தன. ஊர்த்தெரு இல்லை. கேட்டதற்கு, "எதுக்கும்மா வம்பு" என்றார்கள். மெயின் ரோடு ஊர்த்தெருவின் கொல்லைப்புறமாகத்தான் போகிறது. குழாயை எந்தப் பக்கம் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதவில்லை. தம்பி கூரை மேலேறி இரண்டையும் திருப்பினான்.

தாத்தாவை முன் சீட்டில் உட்காரவைத்து மைக்கைக் கொடுத்தோம். பழக்கத்தில், "இதனால் சகலமானவர்களுக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். பிறகு நின்றுபோனார். அதற்கு மேல் என்ன சொல்வதென்று இதுவரை அவருக்கு வேறு யாரோதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கொல்லைப் படல் ஒன்று திறந்து, ஒரு பொம்பளை எட்டிப்பார்த்தாள்.

"இன்னிக்கி எங்க ஊட்டு விசேசம்," என்றார் தாத்தா மைக்கில். "எல்லாரும் வாங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பி, இன்னும் சத்தமாக வைக்கச் சொன்னார்.

"அதுக்கு மேல வச்சா காயில் போயிடும் தாத்தா," என்றான் தம்பி.