தோளில் உட்கார வேண்டும் கோட்டு

பாளையங்கோட்டையில் கோட்டு தைக்கிற கடைகளுக்கு இரண்டு வகை வாலிபர்கள் வருகிறார்கள். ஒருவர் சட்டப்படிப்பை முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்யப் போகிறவர். இன்னொருவர் கல்யாண மாப்பிள்ளை. 1826-இல் கட்டப்பட்ட முருகன்குறிச்சி தூய திரித்துவப் பேராலயம் தொடங்கி, தேரிக்காட்டு ஓரத்துச் சின்னக் கோயில்கள் வரை, இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் மாப்பிள்ளை என்றால் கோட்டு சூட்தான். மேலப்பாளையத்து நிக்காஹ் வீடுகளிலும் அதைப் பார்க்கலாம். இந்துக் குடும்பங்களில் முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, வரவேற்புக்குக் கோட்டு என்று ஆகிவிட்டது. இந்த வாலிபர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் கோட்டு அது. பலர் ஒல்லி.

என் அக்கா மகனும் அப்படித்தான். நல்ல உயரம்; நெஞ்சளவு 36 இஞ்ச், இடுப்பு 28. ரெடிமேட் கோட்டுகளை நெஞ்சுக்கும் இடுப்புக்கும் 6 இஞ்ச் வித்தியாசம் இருக்கும் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் வெட்டுகிறார்கள். இவனுக்கு 8 இஞ்ச். 36 போட்டால் இடுப்பில் துணி தொங்கும், கை குட்டையாக நிற்கும். 38 போட்டால் தோள் விழுந்துவிடும். அளவெடுத்துத் தைப்பது என்று முடிவானதும், அந்த வேலையைக் கூடவே இருந்து பார்க்க ஆசைப்பட்டேன். வக்கீல்களுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் தைத்தே தலை நரைத்த ஒரு மாஸ்டர், "தாராளமா உட்காருங்க அண்ணாச்சி" என்று கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

டேப்பைக் கையில் எடுக்குமுன் அவர் பையனைச் சும்மா நிற்கவைத்துப் பேச்சுக் கொடுத்தார். எங்கே வேலை, பொண்ணு எந்த ஊர் என்று விசாரணை. பையன் பதில் சொல்லச் சொல்ல உடம்பு தளர்ந்தது. நிமிர்த்தி வைத்திருந்த நெஞ்சு இறங்கி, கழுத்து லேசாக முன்னால் வந்தது. "இதுதான் அவரு நிக்கிற நிலை. அளவெடுக்கப் போறோம்னு நெஞ்ச நிமித்துனா பொய்யளவு வந்துரும்" என்றார். உயரமான ஒல்லிப் பையன்களுக்கு முதுகில் ஒரு சின்னக் கூனல் இருப்பது சகஜம். முதுகுத் துணியை அதற்கேற்ப நீளமாக வெட்டாவிட்டால் கோட்டின் காலர் சட்டைக் காலரை விட்டு விலகிப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருப்பதையும் அவர் கண்டுபிடித்தார். இரண்டு கைகளையும் தனித்தனியாக அளந்தார். அளவு நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில், 'வலது தோள் இறக்கம், முதுகு வளைவு' என்று பென்சிலால் எழுதினார். ரெடிமேட் கோட்டில் இந்த இரண்டு குறிப்புக்கும் இடமே கிடையாது.

"மாமா, தோள்ல பேட் கனமா வைக்கச் சொல்லுங்க. ஒல்லியா தெரியாது" என்றான் மருமகன்.

மாஸ்டருக்கு அது காதில் விழுந்தது. "தம்பி, தோள மட்டும் பெருசாக்குனா மூஞ்சி சின்னதாப் போயிரும். மெல்லிசு பேட் போதும். நெஞ்சுப் பக்கத்த நான் உள்ள வேலையில எடுத்துத் தாரேன்."

ஒல்லியானவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சிலர் உடம்பை மறைக்கத் தொளதொளவென்று கேட்கிறார்கள். அந்தத் துணிக்குள் இன்னும் மெலிந்து தெரிகிறார்கள். மற்றவர்கள் உடம்போடு ஒட்டப் பிடிக்கச் சொல்கிறார்கள். பட்டனைப் போட்டதும் வயிற்றின் குறுக்கே சுருக்கம் விழுகிறது, உட்கார்ந்தால் தொடையில் இறுக்குகிறது. நெஞ்சில் மூன்று நான்கு இஞ்ச் தாராளம், இடுப்பில் அளவான பிடிப்பு, கைக்குழி மேலே ஏறியிருப்பது, பின்பக்கத்தை மூடுகிற நீளம் ஆகிய நான்கும் சேர்ந்தால் ஒல்லி உடம்புக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். காலரிலிருந்து இறங்குகிற மார்பு மடிப்பு ரொம்ப ஒடுக்கமாகவும் வேண்டாம், ரொம்ப அகலமாகவும் வேண்டாம். மூன்றேகால் இஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தால் பல வருடம் கழித்துப் போட்டாலும் பழசாகத் தெரியாது. பேன்ட் இடுப்பில் உட்கார்ந்து, முன்னால் ஒரு மடிப்போடு, கீழே மெதுவாகக் குறுகி வரட்டும். காலோடு ஒட்டிப் பிடிக்கிற பேன்ட் ஒல்லிக் காலை இன்னும் ஒல்லியாகக் காட்டும்.

துணிக்குத் திருநெல்வேலி டவுன் பக்கம் போனோம். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய வீதிகள் கல்யாண ஜவுளிக்குப் பேர் போனவை; ஆர்.எம்.கே.வி. ஜவுளிக்கடை 1924-இல் தொடங்கியது இந்த ஊரில்தான். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில் கம்பளித் துணியா என்று பலர் பயப்படுகிறார்கள். சாதா நெசவில், சதுர மீட்டருக்கு 240 முதல் 260 கிராம் எடையுள்ள கம்பளி காற்றை உள்ளே விடும், வியர்வையை வாங்கிக்கொள்ளும். பளபளக்கிற பாலியஸ்டர் கலப்பில்தான் உடம்பு வேகும். துணியைக் கைக்குள் கசக்கி விட்டுப் பார்த்தால் போதும். நல்ல கம்பளி தானாக விரிந்துவிடும். 'சூப்பர் 100', 'சூப்பர் 150' என்ற எண்கள் இழை எவ்வளவு மெல்லியது என்பதை மட்டும் சொல்கின்றன. எண் ஏற ஏற விலை ஏறும், துணி மென்மையாகும், உழைப்பு குறையும். முதல் கோட்டுக்கு 100, 110 போதும். கருநீலம் அல்லது நடுத்தரச் சாம்பல் நிறம் எடுத்தால் கல்யாணத்துக்குப் பிறகு அலுவலகத்துக்கும் ஆகும். நெடுக்குக் கோடு ஒல்லியை இன்னும் நீட்டிக் காட்டும். லேசான சொரசொரப்பு தெரிகிற நெசவு உடம்புக்குக் கொஞ்சம் சதை கொடுக்கும். கோட்டு, பேன்ட் என்று இரண்டு உருப்படிக்கு மூன்றேகால் மீட்டர் எடுத்தோம்.

திரும்பி வந்தபோது மாஸ்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஒருவர் வேறொருவருடைய கோட்டின் மார்பு மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் வேலையைப் பார்த்த பிறகுதான் நல்ல கோட்டுக்கு ஏன் அந்த விலை என்று எனக்குப் புரிந்தது. துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் கேன்வாஸ் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. பருத்தியும் கம்பளியும் குதிரை முடியும் கலந்து நெய்தது. மடிப்பை இடது கட்டைவிரல் மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, கேன்வாஸையும் துணியையும் சேர்த்துச் சின்னச் சின்னச் சாய்வுத் தையல்களாகப் போட்டுக்கொண்டே போனார். ஊசி ஒவ்வொரு தடவையும் கம்பளியில் ஓர் இழையை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பியது. முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு புள்ளி தெரியவில்லை. வளைத்துப் பிடித்தே தைத்ததால் அந்த மடிப்பு பிறகு எந்த இஸ்திரியும் இல்லாமல் தானே சுருண்டு நிற்கும். ஒல்லியானவரின் நெஞ்சுக்கு நிறைவு தருவதும் இதே கேன்வாஸ்தான்.

விலை குறைந்த கோட்டுகளில் இதற்குப் பதில் பசை தடவிய துணியைச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அதுவும் சில வருடம் உழைக்கும். பசை விட்டுப்போனால் நெஞ்சில் அப்பளம் போலக் கொப்புளிக்கும், பிறகு சரி செய்ய முடியாது. கடையில் கீழ்க் காஜாவுக்குப் பக்கத்தில் துணியையும் லைனிங்கையும் இரு விரல்களால் பிடித்து இழுத்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியாக நழுவினால் அது கேன்வாஸ். முழுக் கேன்வாஸுக்குக் காசு இல்லையென்றால், நெஞ்சும் மடிப்பும் மட்டும் கேன்வாஸில் செய்யச் சொல்லலாம்.

இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கும் தையலுக்கும் பழைய உறவு உண்டு. தாமிரபரணி மலையிலிருந்து இறங்குகிற பாபநாசத்தில், அந்தத் தண்ணீரின் வேகத்தையே சக்தியாகக் கொண்டு ஹார்வி சகோதரர்கள் 1880-களில் நூற்பாலை அமைத்தார்கள். விக்கிரமசிங்கபுரம் அதைச் சுற்றி வளர்ந்தது. அந்த நிறுவனமே பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனது. அதன் ஆடைப் பிரிவு 1989-இல் லூயி பிலிப் என்ற பெயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரெடிமேட் உடைக்கு இந்தியாவில் மதிப்புத் தேடித் தந்த பெயர்களில் அதுவும் ஒன்று. தையல் கடைகளில் கூட்டம் குறைந்ததும் அந்தக் காலத்தில்தான் என்று மாஸ்டர் சொன்னார். காஜா எடுக்க வந்து, கால்சட்டை தைத்து, கடைசியில் கோட்டுக்கு உயர்ந்த பையன்களின் வரிசை அறுந்துவிட்டது. இப்போது இளவட்டங்கள் திருப்பூருக்கோ புதியம்புத்தூர் ஆடைக் கூடங்களுக்கோ போகிறார்கள். அங்கே வாரக்கூலி உறுதி. இங்கே கோட்டு தைக்கிறவருக்கு உருப்படிக் கூலி. வேலை இருந்தால்தான் காசு, ஆடி மாதம் போன்ற நாள்களில் கை சும்மா இருக்கும்.

ட்ரையல் நாளில் கோட்டு வெள்ளை நூலின் ஓட்டுத்தையலில் நின்றது, ஒரு கை மட்டும் பொருத்தி. மாஸ்டர் முதலில் பார்த்தது தோளை. தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடிந்தது. கைத் துணி மேலிருந்து பள்ளமில்லாமல் இறங்கியது. "இடுப்ப எப்ப வேணும்னாலும் பிடிக்கலாம், விடலாம். தோளு தப்பாப் போச்சுன்னா கோட்டே தப்பாப் போச்சு" என்றார். பிறகு பையனைக் கை தூக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், ஒரு பட்டனைப் போட்டு நடக்கச் சொன்னார். முதுகில் ஒரு சுருக்கம் விழுந்த இடத்தில் தையலைப் பிரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, குண்டூசி குத்தினார். சட்டையின் கை கோட்டுக்கு வெளியே அரை இஞ்ச் தெரியும்படி கையை நிறுத்தினார்.

தையல் ஓரங்களில் ஒரு இஞ்ச் துணி உள்ளே விடச் சொல்ல நினைத்திருந்தேன். நான் கேட்காமலே அவர் அதை விட்டிருந்தார். "மறுவீடு, விருந்துன்னு சுத்திட்டு வந்தா எப்படியும் ரெண்டு இஞ்ச் போடுவாரு." அந்த ஒரு இஞ்ச்தான் கோட்டைப் பத்து வருடம் உழைக்கவைக்கும்.

முதல் கோட்டு வாங்கப் போகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் போய் அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு மாதம் முன்பே போங்கள், ட்ரையல் கட்டாயம் வேண்டும் என்று கேளுங்கள். கையில் இருக்கிற பணத்தில் துணியில் ஒரு படி இறங்கி, தையல் கூலியில் ஒரு படி ஏறுங்கள். சுமாரான துணியையும் நல்ல கை தூக்கி நிறுத்திவிடும். எவ்வளவு விலை உயர்ந்த துணியும் தப்பான தோளைக் காப்பாற்றாது. பேரம் பேசிக் குறைக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயும், தரையில் உட்கார்ந்து ஓர் இழையை மட்டும் தொட்டுத் தைக்கிறவரின் கூலியிலிருந்துதான் போகிறது. அந்தக் கூலி சரியாகக் கிடைத்தால்தான், இன்னொரு பையன் காஜா எடுக்க வந்து உட்காருவான்.