பூனைப் பணியும் மறக்கருணையும்

உயிர்க்கு இனியது செய்தல் மாத்திரமே அருளாமோ, அன்றி நலம் பயக்குமிடத்து இன்னாதது செய்தலும் அருளாமோ என்பது ஆராயத்தக்கது. சித்தாந்த நூலோர் இறைவன் கருணையை அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்படுத்தினர். இப்பாகுபாடு மக்கள் ஆற்றும் தொண்டினும் ஓராற்றான் விளங்குதலை இத்தாலி தேசத்துப் பூனைப் பணியிற் காணலாம்.

உரோமை நகரின் நடுவே தோர்ரே ஆர்ஜெந்தீனா என்னும் இடத்தில், 1920-களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நான்கு பழங்கோயில்களின் இடிபாடுகள் உள்ளன. கி.மு. 44-இல் சூலியசு சீசர் கொலையுண்ட மண்டபத்தின் எச்சமும் ஆண்டே உளது. தெருமட்டத்தினுந் தாழ்ந்த அவ்விடத்தை வீடற்ற பூனைகள் புகலாகக் கொண்டன. அத்தகைய பூனைகட்கு நாடோறும் உணவிடும் மகளிரை அந்நாட்டார் 'கத்தாரே', அஃதாவது பூனைக்காரிகள், என்பர்.

உணவிடுதல் அறமே, எனினும் அதனோடமையின் துன்பம் பெருகும். என்னை? பெண்பூனை பிறந்து ஐந்தாறு திங்களிற் கருவுறும். ஏறத்தாழ ஒன்பது கிழமையில் ஈனும். குட்டிகள் பாலுண்ணும் பொழுதே மீண்டுங் கருக்கொள்ளவுங் கூடும். இங்ஙனம் பிறப்பனவற்றுட் பல பசியானும் நோயானும் மாயும்.

இதனை யுணர்ந்து, இத்தாலி அரசு 1991-ஆம் ஆண்டின் 281-ஆம் சட்டத்தால், வெளியில் வாழும் பூனைகளைத் துன்புறுத்தலாகாது எனவும், அவற்றிற்குக் கருத்தடைச் சிகிச்சை செய்து அவற்றின் கூட்டத்திலேயே மீள விடுதல் வேண்டுமெனவும் விதித்தது. கடுநோயும் தீராநோயும் உற்றவை யல்லாதவற்றைக் கொல்லுதலும் விலக்கப்பட்டது. தொண்டர் குறித்த வேளையில் உணவிட்டுப் பூனைகளைப் பழக்குவர்; பின்னர்க் கூண்டில் உணவு வைத்துப் பிடிப்பர்; அச்சந் தணியக் கூண்டைத் துணியால் மூடுவர். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்வர். மீண்டும் பிடிபடாமைப் பொருட்டு அம்மயக்கத்திலேயே காதின் நுனியைச் சிறிது கத்தரித்து அடையாளஞ் செய்தலும் உண்டு. மக்களொடு பழகிய குட்டிகட்கு வீடு தேடித் தருவர்.

'வாய்விட்டு மறுக்கவியலாத உயிர்மேற் கத்தி வைத்தல் அருளாமோ?' எனின், கூறுதும். உணவிட்டுப் பெருக்கத்திற்குக் காரணராயினார் அப்பெருக்கத்தால் வருந் துன்பத்திற்கும் கடப்பாடுடையர். கண்முன் நிற்குந் தாய்க்கு இரங்கி, பிறந்து மாயுங் குட்டிகளை மறத்தல் நிரம்பாத இரக்கமே. பூனைக்கு இரையாகும் பறவைகளும் உயிர்களே. 'கொன்று குறைத்தல் எளிதன்றோ?' எனின், அது கொலையாதலோடு பயனும் நில்லாது; உணவும் ஒதுக்கிடமும் உள்ளவிடத்தே வேறு பூனைகள் வந்து புகும்.

ஆயினும் ஒன்று நினைக்கற்பாலது. இறைவன் முற்றறிவினன், மக்களோ சிற்றறிவினர். ஆகலின் மக்கள் கையில் மறக்கருணை எளிதிற் கொடுமையாய்த் திரியும். அங்ஙனந் திரியாமற் காப்பது, கத்திக்குப் பின்னுந் தொடரும் பேணுதலே. கூண்டிற் பட்ட பூனை தன்னைப் பிடித்தாரை அஞ்சி விலகும். சில ஒருபொழுதும் அணுகா. அங்ஙனம் விலகுவதற்கும் மறுநாள் உணவு வைத்து அகன்று நிற்பவர் தொண்டே அருளின்பாற்படும்.