92 கையெழுத்துகள்

உள்ளடக்கிய கல்வி 1994-இல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் பிறந்தது, 92 நாடுகள் அதில் கையெழுத்திட்டன. இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் இப்படி ஒரு வரி. வரியின் முடிவில் சான்று எண்ணும் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் உறுத்தியது ஆண்டுதான். 1993-இல் என் சித்தப்பா திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவருக்குத் தான் பாடம் வாசித்துக் காட்டியதற்காக அரசாங்கம் மாதாமாதம் காசு கொடுத்தது என்று அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியானால், இன்னும் பிறக்காத பிள்ளைக்குப் படியளந்தது யார்?

அந்தக் கட்டுரையை மதிப்பிட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். கூற்றுக்குக் கூற்று சான்று உண்டா, ஒரு பக்கம் சாயாமல் எழுதியிருக்கிறார்களா, உலகம் முழுவதையும் பார்க்கிறார்களா என்பதுதான் வழக்கமான சோதனை. முதல் கேள்வியில் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண். மூன்றாவதில் தடுமாறியது. அமெரிக்காவின் 1975 சட்டம் விரிவாக இருந்தது, இங்கிலாந்தின் 1978 வார்னாக் அறிக்கையும் இருந்தது. சிறப்பு வகுப்புகளையே சட்டம் போட்டுக் கலைத்த நாடு இத்தாலி. 1977-இல், 517-ஆம் எண் சட்டத்தால். அதற்கு அரை வாக்கியம். இந்தியா 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தோடு தொடங்கி 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோடு முடிந்துவிட்டது. பக்கத்தின் திருத்த வரலாற்றைப் புரட்டினால், சலமாங்கா வரியை எத்தனையோ பேர் தொட்டிருந்தார்கள். காற்புள்ளி மாறியிருந்தது, வினைச்சொல் மாறியிருந்தது. தகவலில் யாரும் கை வைக்கவில்லை.

அப்போதுதான் “கையெழுத்திட்டன” என்ற சொல் கண்ணில் நின்றது. இந்தியா கையெழுத்திட்டதா? யார் போட்டது? சின்னக் கேள்விதான், ஆனால் விடவில்லை. சான்று எண் ஒரு பாடநூலுக்கு இட்டுச் சென்றது. பாடநூல் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டியது, அது இன்னொரு பாடநூலைக் காட்டியது. எல்லாவற்றிலும் 92 இருந்தது, எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது, பட்டியல் மட்டும் எங்கும் இல்லை. ஒப்பந்தம் என்றால் கையெழுத்திட்ட நாள், ஏற்பு கொடுத்த நாள் என்று ஏதாவது இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கைக்கு அதெல்லாம் இருக்கிறது. 2007-இல் இந்தியா கையெழுத்திட்டது, அதே ஆண்டில் ஏற்பும் கொடுத்தது. சலமாங்காவுக்கு அப்படி ஒன்றும் சிக்கவில்லை. பல இரவுகளை இதிலேயே கழித்தேன். இப்படி ஒரு சொல்லைத் துரத்துகிறவனை வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் மூல ஆவணத்தையே திறந்தேன். யுனெஸ்கோவும் ஸ்பெயின் அரசும் சேர்ந்து 1994 ஜூன் 7 முதல் 10 வரை நடத்திய மாநாடு அது. 92 அரசுகளையும் 25 பன்னாட்டு அமைப்புகளையும் சேர்ந்த முந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். நிறைவு நாளில் அறிக்கை ஆரவாரத்தோடு ஏற்கப்பட்டது என்று ஆவணமே சொல்கிறது. வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள், அவ்வளவுதான். எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் தாள் அல்ல அது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் பெயர்த்தெழுதி, கைதட்டல் கையெழுத்தாகியிருக்கிறது.

இந்த உற்சாகத்தில் ஆண்டுக் கணக்கையும் தீர்த்துவிடலாம் என்று பின்னோக்கிப் போனேன். மாற்றுத்திறன் குழந்தைகளைச் சாதாரணப் பள்ளிகளிலேயே படிக்கவைக்கும் திட்டத்தை மத்திய அரசின் சமூக நலத் துறை 1974-இல் தொடங்கியது. 1982-இல் அது கல்வித் துறைக்கு மாறியது. 1992-இல் திருத்திய வடிவத்தில் அத்தையின் காசு அகப்பட்டது: ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பார்வையற்ற மாணவருக்கு வாசிப்பாளர் படி, மாதம் 50 ரூபாய். அதற்கும் முன்னால், இயன்றவரை இந்தக் குழந்தைகளை மற்றவர்களிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 1944-இல் சார்ஜென்ட் அறிக்கை பரிந்துரைத்திருந்தது. அதற்கும் முன்னால் போனால் சாமுவேல் கிரிட்லி ஹோவ் வந்து நிற்கிறார். பாஸ்டனில் பார்வையற்றோருக்கான தனிப்பள்ளியில் 1832-இல் பாடம் தொடங்கிய மனிதர். 1866-இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியா என்ற ஊரில் இன்னொரு பார்வையற்றோர் பள்ளிக்கு அடிக்கல் நாட்டு விழா, பேச அவரை அழைத்திருந்தார்கள். வந்தவர், இப்படிப்பட்ட பிள்ளைகளை ஓரிடத்தில் குவித்து வைக்காதீர்கள், ஊர்ப் பிள்ளைகளோடு கலந்து வளரவிடுங்கள் என்று பேசிவிட்டார். அடிக்கல் நட்டவர்களின் முகத்தை நினைத்து நான் தனியாகச் சிரித்தேன்.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். கட்டுரையை அவர் போனுக்கு அனுப்பி, ஸ்கிரீன் ரீடரில் கேட்கச் சொன்னேன். நமக்குப் புரியாத வேகத்தில் அது ஓடியது. முதலில் வாசிப்புக் காசைப் பற்றிக் கேட்டேன்.

“எந்தக் காசு? அக்கா வாசிச்ச லட்சணத்துக்குக் காசு வேறயா? பாதிப் பக்கத்துல தூங்கிருவா.”

அரசாணை மொழியில் எடுத்துச் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கு மொபெட்டில் வந்துபோன ஸ்பெஷல் டீச்சரைக் கேட்டேன், பிரெய்ல் சிலேட்டைக் கேட்டேன், கணக்குப் போடும் டெய்லர் பலகையைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் “இருந்தது” என்று ஒற்றைப் பதில். 1994-க்கு முன்பே நீங்கள் உள்ளடக்கிய கல்வியில் படித்தவர் என்று நான் பட்டம் சூட்டியதும் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. போன் நடுவில் ஏதோ எண்ணையும் எழுத்தையும் கலந்து உளறியது. “இது என்ன ல?” என்றார். படம். விளக்கக் குறிப்பு இல்லாமல் போட்டிருந்தார்கள். கல்வியியல் வகுப்புகளில் காட்டுவார்களே, நான்கு வட்டம், வண்ணப் புள்ளிகள், அதுதான். முதலில் புள்ளிகள் வட்டத்துக்கு வெளியே, பிறகு தனி வட்டத்தில், பிறகு பெரிய வட்டத்துக்குள் ஒரு மூலையில், கடைசியில் எல்லாம் கலந்து. விளக்கினேன்.

“கலந்த பொறவு அந்தப் புள்ளியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடுமா?”

பிறகு அவராகவே சொன்னார். அவர் பெஞ்சில் காது கேளாத பையன் ஒருவன் இருந்தான். இருவருமே ‘திட்டத்துப் பிள்ளைகள்’ என்பதால் சேர்த்து உட்காரவைத்திருந்தார்கள். இவர் பேசினால் அவனுக்குக் கேட்காது, அவன் கையை ஆட்டினால் இவருக்குத் தெரியாது. மணி அடித்தால் இவர் அவன் முதுகில் தட்டுவார். வாத்தியார் போர்டில் எழுதத் தொடங்கினால் அவன் இவர் கையில் தட்டுவான். “அம்புட்டுதான் எங்க பேச்சு. எனக்காவது சுத்தி நாலு பேரு பேசுறது கேக்கும். அவனுக்கு அந்த வகுப்புல ஒரு ஆள் கிடையாது.” ஒன்பதாம் வகுப்போடு அவன் காதுகேளாதோர் பள்ளி ஒன்றின் விடுதிக்குப் போய்விட்டான். அங்கும் வகுப்பில் வாயசைவைப் பார்த்துத்தான் படிக்கச் சொன்னார்களாம். சைகைமொழி விடுதித் திண்ணையில் கிடைத்திருக்கிறது. வருடங்கள் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் அவன் நண்பர்களோடு நின்று கையால் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததை, கூட வந்தவர் சித்தப்பாவுக்கு வர்ணித்திருக்கிறார். “தனிப் பள்ளிக்கூடத்துக்குப் போன பொறவுதான் அவனுக்குப் பேச்சு வந்துருக்கு. அது இந்தக் கட்டுரையில எங்க இருக்கு?”

எங்கும் இல்லை. தனிப்பள்ளி, ஒருங்கிணைப்பு, உள்ளடக்கம் என்று கட்டுரை படியேறிக்கொண்டே போனது. அந்தப் பையன் அதே படியில் இறங்கிப் போனவன். யார் முதல், எந்த ஆண்டு என்ற கணக்கில் எனக்கு ருசி போய்விட்டது. சலமாங்கா ஆவணத்தை மறுபடி திறந்து, இம்முறை கையெழுத்தைத் தேடாமல் வரிவரியாகப் படித்தேன். தெருவில் வாழும் குழந்தைகள், வேலைக்குப் போகும் குழந்தைகள், நாடோடிச் சமூகத்துக் குழந்தைகள், சிறுபான்மை மொழி பேசுகிறவர்கள் எல்லாரையும் அது சேர்த்துப் பேசுகிறது. நம் கட்டுரையோ மாற்றுத்திறனோடு நின்றுவிட்டது. செயல் திட்டத்தின் 21-ஆம் பத்தியில் சித்தப்பாவின் பெஞ்சுத் தோழன் இருந்தான். காது கேளாதவர்களுக்குத் தம் நாட்டுச் சைகைமொழியில் கல்வி கிடைக்க வேண்டும் என்றும், அவர்களுடைய தொடர்புத் தேவையைக் கருதினால் சிறப்புப் பள்ளியோ, பொதுப் பள்ளிக்குள் தனி வகுப்போ கூடுதலாகப் பொருந்தலாம் என்றும் அந்தப் பத்தி சொல்கிறது. எல்லாரையும் ஒரே வகுப்பில் சேர்க்கச் சொன்னதாக ஊரெல்லாம் மேற்கோள் காட்டும் ஆவணம், தன் விதிவிலக்கைத் தானே எழுதி வைத்திருக்கிறது. அதைச் சான்றாகக் காட்டுபவர்கள் 21-ஆம் பத்திவரை வருவதில்லை போலும்.

இரண்டு திருத்தங்கள் செய்தேன். “கையெழுத்திட்டன” என்பதை நீக்கி “ஏற்றன” என்று போட்டேன். மறுநாளே பழைய சொல் திரும்பிவிட்டது. பாடநூலில் அப்படித்தான் இருக்கிறதாம், மூல ஆவணத்தை நானே வாசித்துப் பொருள் சொல்வது சொந்த ஆய்வாகிவிடுமாம். 21-ஆம் பத்தி பற்றிய வரிகளை வரலாற்றுப் பகுதியில் சேர்த்திருந்தேன். அவற்றை யாரும் நீக்கவில்லை, ‘விமர்சனம்’ என்ற பகுதிக்கு நகர்த்திவிட்டார்கள். அது விமர்சனம் அல்ல, அந்த அறிக்கையின் உடலே என்று உரையாடல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இன்றுவரை பதில் இல்லை.