கொம்பும் காலும்

திருப்பூணித்துறைக்குக் குடிவந்த புதிதில், மலையாளப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டிருந்த எனக்கு முதலில் பிடிபட்ட சொல் ‘கொச்சி’. நம் எழுத்தைப் போலவே அங்கும் அது கொம்பில்தான் தொடங்குகிறது. கொம்பைக் கண்ட மாத்திரத்தில் வாய் ‘கெ’ என்று சொல்லிவிடலாகாது. ககரத்தையும் தாண்டிச் சென்று, அதன் வலப்புறம் கால் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ‘கெ’யா ‘கொ’வா என்பதை நிச்சயிக்க முடியும். ஓலைச்சுவடியிலோ காலும் ரகரமும் ஒரே வடிவம். புள்ளியில்லை, சொற்களுக்கு நடுவே இடைவெளியுமில்லை. அதைப் படித்துப் பதிப்பித்தவர்களின் சிரமம் எத்தகையது என்பதை, கடைகளிலுள்ள கார்டு மெஷினிலிருந்து வங்கிக்குச் செல்லும் செய்தியைப் பிரித்துப் படிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதியபோதுதான் நான் பிரத்தியட்சமாக அறிந்தேன்.

2017-இல் இங்கே மெட்ரோ ரயிலோடு வந்த கொச்சி ஒன் அட்டையாகட்டும், வேறெந்த ரூபே அட்டையாகட்டும், சிப் பேசும் பாஷை ஒன்றே. 1984-இல் செய்திப் பரிமாற்றத்துக்காக வகுக்கப்பட்ட விதியை அனுசரித்து, ஒவ்வொரு விஷயமும் முதலில் தன் பெயரையும், அடுத்துத் தன் நீளத்தையும், அதன்பின் தன் மதிப்பையும் இடைவெளியின்றிச் சொல்லிக்கொண்டே போகிறது. பெயருக்குச் சாதாரணமாக ஒரு பைட் போதும். அட்டை எண்ணுக்கு 5ஏ, தேதிக்கு 9ஏ. ஆனால் அந்த பைட்டின் கடைசி ஐந்து பிட்டுகளும் 1 என்றே இருந்தால், பெயர் இன்னும் முடியவில்லை என்று பொருள். அடுத்த பைட்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். நீளத்திலும் இத்தகைய சூட்சுமம் உண்டு: 127 வரை ஒரே பைட்; அதற்கு மேற்பட்டால் முன்னால் 81 என்றோ 82 என்றோ ஓர் அறிவிப்பு வரும்.

முப்பது ரூபாய்க்கான தொகை இப்படி வருகிறது: 9எஃப் 02 06 00 00 00 00 30 00. பெயர் 9எஃப்02, நீளம் ஆறு பைட், மதிப்பில் பன்னிரண்டு இலக்கங்கள், கடைசி இரண்டும் பைசா. என் புரோகிராமோ 9எஃப் என்பதையே முழுப்பெயராகக் கொண்டு, 02-ஐ நீளமாக்கி, 06 00 என்பதை மதிப்பாக எடுத்துக்கொண்டது. பின்னர் சூனியத்தைப் பெயரென்றும் சூனியத்தை நீளமென்றும் ஒருமுறை படித்துவிட்டு, மறுபடியும் ஒரு சூனியத்தைப் பெயராக்கி, ரூபாயைக் குறிக்க வந்த 30-ஐ நீளமாக எண்ணியது. பதினாறின் கணக்கில் 30 என்பது நாற்பத்தெட்டு. ஆகவே பின்னால் வந்த நாற்பத்தெட்டு பைட்டுகளும், அவற்றிலிருந்த தேதியும் நாணயக் குறியும் உட்பட, ஒரே கவளமாக விழுங்கப்பட்டன. இதில் கொடுமை என்னவென்றால், எந்த இடத்திலும் பிழை என்ற கூக்குரல் எழவில்லை. ஒவ்வோர் அடியும் விதிப்படி நடந்தது போலவே தோன்றிற்று.

இரண்டு நாள் தேடிய பிறகு காரணம் புலப்பட்டது. நான் சோதனைக்கு வைத்திருந்த செய்திகளில் 5ஏ, 82, 95, 9ஏ ஆகிய ஒற்றை பைட் பெயர்களே இருந்தன. காலில்லாத கொம்புகளை மட்டுமே கொடுத்துவிட்டு, என் புரோகிராம் படிக்கக் கற்றுவிட்டதென்று நான் நம்பியிருந்தேன். இத்துறையில் புதிதாகப் புகும் இளைஞர்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் முதல் சோதனையை 5ஏ-யில் அல்ல, 9எஃப்-இல் தொடங்குங்கள்.