ஓட்டை விழுந்த கீரைக்கு ஒரு கூட்டம்... அம்பத்தூர் உழவர் சந்தையில் ஒரு விடியற்காலை!

காலை 5.40. இன்னும் சரியாக வெளுக்கவில்லை. பூந்தமல்லி பக்கமிருந்து ஆவடி வழியாக வந்த டவுன் பஸ் அம்பத்தூரில் நிற்கிறது. ஆட்களுக்கு முன்னால் இறங்குபவை கூடைகள்தான். ஈரச்சாக்கு போர்த்திய கீரைக் கூடை, வாழைப்பூ திணித்த கோணிப்பை, கத்திரிக்காய் மூட்டை. கண்டக்டரே ஒரு கை கொடுத்து இறக்கிவிடுகிறார்.

‘ஆர்கானிக்’ என்ற வார்த்தையை ஆபீஸில் உட்கார்ந்தபடி எத்தனையோ தலைப்புகளில் போட்டிருக்கிறேன். ரசாயனம் போடாமல் விளைவிப்பவர் அந்தக் கீரையை எப்படி விற்கிறார் என்று ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அதற்காகத்தான் அந்தக் கூடைகளுக்குப் பின்னால் நடந்தேன்.

பலகையில் ஒரே விலை

உழவர் சந்தையின் கதை 1999-ல் தொடங்குகிறது. அந்த வருடம் நவம்பர் 14-ம் தேதி, மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். பஞ்சாபின் ‘அப்னி மண்டி’யும், அதே வருடம் ஆந்திராவில் தொடங்கிய ‘ரைத்து பஜார்’களும் இதற்கு முன்னோடிகள். விவசாயி விளைவித்ததை விவசாயியே விற்க வேண்டும், நடுவில் யாரும் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

அதற்காக, நிலத்தையும் பயிரையும் சரிபார்த்து போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கொடுக்கிறார்கள். கடைக்கு வாடகை இல்லை. தராசும் இலவசம். விலையை தினமும் காலையில் சந்தை அலுவலர்கள் பலகையில் எழுதிவிடுகிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவிகிதம் அதிகம், வெளிக்கடை விலையைவிடச் சுமார் 15 சதவிகிதம் குறைவு என்பது கணக்கு. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம்.

ஆனால், அந்தப் பலகையில் முளைக்கீரைக்கு எதிரே ஒரே ஒரு விலைதான் இருக்கிறது. யூரியா போட்டதா, பஞ்சகவ்யா தெளித்ததா என்று பலகை கேட்பதில்லை!

‘‘பூச்சி துன்னுதுன்னா பயப்படாதே!’’

நான் தேடிவந்தது அந்த மூலைக்கடை அக்காவை. பூந்தமல்லிக்கு மேற்கே, திருமழிசையைத் தாண்டி மாமனார் வழியில் வந்த 60 சென்ட் நிலம். நான்கு வருடமாக ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடுவதில்லை. பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றார்.

அன்றைக்கு 80 கட்டு கொண்டுவந்திருந்தார். முளைக்கீரை, அரைக்கீரை, கொஞ்சம் பொன்னாங்கண்ணி. பக்கத்துக் கடைக் கீரை பெரிய இலையாக, கரும்பச்சையாகப் பளபளக்கிறது. அக்காவின் கீரையில் இலை சிறியது. அங்கங்கே ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை.

ஒருவர் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ‘‘இன்னாம்மா, பூச்சி அரிச்சிருக்கு?’’

‘‘பூச்சி துன்னுதுன்னா பயப்படாதே சார். பூச்சியே தொடலைன்னாதான் யோசிக்கணும்’’ என்று சிரித்தார் அக்கா. அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

ஓட்டை இருந்தாலே இயற்கை விளைச்சல் என்று சொல்லிவிட முடியாது. மருந்தடித்த கீரையிலும் ஓட்டை விழும். அப்படியானால் எதை வைத்து நம்புவது? அக்காவிடமே கேட்டேன். ‘‘அதான் தம்பி என் தலைவலியே’’ என்றார்.

ஐந்தாவது ஆள் எங்கே?

சான்றிதழுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழக அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்வது. கட்டணம், ஆய்வு, பதிவேடு எல்லாம் உண்டு. இன்னொன்று, பி.ஜி.எஸ். என்ற மத்திய அரசின் முறை. இதில் அதிகாரிக்குப் பதில், ஒரே ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ இருக்கும் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை இன்னொருவர் சோதித்து உறுதி சொல்வார்கள். சிறு விவசாயிக்குத் தோதான வழி இதுதான். குழுவில் குறைந்தது ஐந்து பேர் வேண்டும்.

அந்த ஐந்து பேரைத்தான் அக்காவால் சேர்க்க முடியவில்லை.

‘‘எங்க பக்கம் மூணு பேர் சேர்ந்தோம். ஒருத்தர் நெலத்தை வித்துட்டு பையனோட போய்ட்டார். இப்ப நானும் இன்னொரு அண்ணனும்தான். அஞ்சு பேருக்கு எங்க தம்பி போறது?’’

விளைவித்தவரே நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்றால், சிறு உற்பத்தியாளருக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை என்று 2017-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள் விலக்கு தருகின்றன. ஆக, அக்கா விற்பதில் தவறில்லை. ஆனால், நம்ப வைக்க அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை.

நெல்லுக்குப் பதில் கல்

ஒன்பதரை மணிக்கு 22 கட்டு மிச்சம். வெயில் ஏறினால் கீரை தலை சாய்த்துவிடும். அவற்றைக் கூடையில் அடுக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே பஸ் ஏறினேன்.

ஆவடி தாண்டி பருத்திப்பட்டு ஏரி, பிறகு கூவம், பூந்தமல்லி. தலைக்கு மேல் மெட்ரோ பாலம். திருமழிசைப் பக்கம் வந்ததும் 2020 மே மாதம் நினைவுக்கு வந்தது. கொரோனாவால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடியபோது, சென்னைக்கே இங்கிருந்துதான் காய்கறி போனது.

அக்காவின் வயலுக்கு இரண்டு பக்கமும் வெள்ளையடித்த மனைக்கற்கள். நடுவில் பச்சையாக 60 சென்ட். வேப்பங்கொட்டைக் கரைசல் ஊறும் டிரம், பஞ்சகவ்யா பானை, இரண்டு மாடு. மிச்சம் வந்த 22 கட்டில் பாதி மாட்டுக்குப் போனது, மீதி எருக்குழிக்கு.

‘‘வெலை கேட்டு வாரம் ஒருத்தன் வர்றான் தம்பி. கட்டிக்கொடுக்க ரெண்டு பொண்ணு இருக்கு. வேணாம்னு எத்தினி நாள் சொல்றது?’’ என்றார். என்னிடம் பதில் இல்லை.

‘‘அப்புறம் எதுக்குக்கா இவ்ளோ கஷ்டப்பட்டு இயற்கை முறையில செய்றீங்க?’’

‘‘வாரத்துல நாலு நாள் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வருவாங்க. வெலையே கேக்க மாட்டாங்க. ‘இன்னிக்கு இன்னா கொண்டாந்தே’ன்னுதான் கேப்பாங்க. போன வருசம் இங்கயே வந்து வயலைச் சுத்திப் பாத்துட்டுப் போனாங்க. இப்ப அவங்க சொல்லி அந்தத் தெருவுலேருந்து பத்துப் பதினைஞ்சு வூட்டுக்காரங்க வர்றாங்க.’’

ஐந்து விவசாயிகள் போட வேண்டிய கையெழுத்தை, அந்தத் தெரு போட்டுக்கொண்டிருக்கிறது!

உங்கள் ஊர் உழவர் சந்தையிலும் இப்படி ஒரு மூலைக்கடை இருக்கலாம். ஏழு மணிக்குள் போங்கள். ‘எந்த ஊர் நிலம், பூச்சிக்கு என்ன தெளிப்பீங்க, வயலைப் பார்க்க வரலாமா?’ என்று கேளுங்கள். உண்மையாகச் செய்பவர் வழி சொல்லிக் கூப்பிடுவார். பிடித்திருந்தால் வாரா வாரம் அவரிடமே வாங்குங்கள். ஒருநாள் வந்து செல்ஃபி எடுப்பவரைவிட, தவறாமல் இரண்டு கட்டு வாங்குபவர்தான் அவருக்கு முக்கியம்.

நானும் இரண்டு கட்டு வாங்கிவந்தேன். அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, ‘‘ஏன்டா, ஓட்டைக் கீரையா பாத்து வாங்கிட்டு வந்திருக்கே?’’ என்றார். கதையைச் சொன்னேன். பேசாமல் ஆய்ந்து, பூண்டு தட்டிப்போட்டு மசித்தார். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டார்:

‘‘ஞாயித்துக்கெழமை அந்த அக்கா வருவாங்களாடா?’’