கேட்பதற்கு ஒரு கரை

ஜொகூர் மாநிலத்துக்குக் கடல் மூன்று பக்கம். மேற்கே மலாக்கா நீரிணை, தெற்கே சிங்கப்பூரைப் பிரிக்கும் ஜொகூர் நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல். இதில் எந்தக் கரையில் நின்று ஒரு பெண்ணிடம் "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்பது? அக்கா மகன் இந்தக் கேள்வியோடு வந்து நின்றான். இரு வீட்டிலும் பேச்சு முடிந்து, பரிசம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"பெரியவங்க பரிசம் போடுறதுக்கு முன்னாடி, நானே அவகிட்ட தனியா கேக்கணும் சித்தி. படமும் எடுக்கணும். அவளுக்குத் தெரியக்கூடாது."

அந்த ஆசை எனக்குப் பிடித்துப்போனது. தட்டு மாற்றும் நாளில் பெண்ணிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. சபையில் எல்லாம் முடிவாகிவிட்டிருக்கும். அதற்கு முன்னால் அவள் பதிலுக்காக ஒருவன் காத்து நிற்பது நல்லதுதான். இருவருமாகக் காரை எடுத்துக்கொண்டு இடம் பார்க்கக் கிளம்பினோம்.

ஜொகூர் பாருவின் டாங்கா பே பக்கத்திலேயே இருக்கிறது. மாலையில் விளக்கொளி அழகு. ஆனால் குடும்பங்கள், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், தின்பண்டக் கடைகள் என்று ஆட்கள் ஓயாத இடம். அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

பொந்தியான் மாவட்டத்தின் தஞ்சோங் பியாய்க்குப் போனபோது மனம் கொஞ்சம் சாய்ந்தது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை அது. அலையாத்திக் காட்டுக்கு நடுவே பலகைப் பாதை, வேர்களுக்கிடையே சேற்றில் தத்தும் மீன்கள், எதிரே சிங்கப்பூர் நீரிணையை நோக்கி வரிசையாக நகரும் சரக்குக் கப்பல்கள். பக்கத்திலுள்ள கூக்குப் தீவு, பூலாய் ஆற்று முகத்துவாரம் ஆகியவற்றோடு சேர்ந்து 2003-இல் ராம்சார் சதுப்பு நிலப் பட்டியலில் இடம்பெற்ற காடு. ஒரு கண்டம் முடிகிற இடத்தில் ஒரு வாழ்வைத் தொடங்குவது என்ற எண்ணமே அவனை மயக்கிவிட்டது. எனக்குத்தான் ஒப்பவில்லை. குறுகலான பலகைப் பாதையில் முன்னும் பின்னும் சுற்றுலாப் பயணிகள். விலகி நிற்க இடமில்லை. சேலை கட்டி வருகிறவளுக்குச் சேறும் குரங்கும் தொல்லை. தேசியப் பூங்கா என்பதால் திறந்து மூடும் நேரமும் உண்டு; மேற்கு வானம் சிவக்கும்வரை இருக்கலாம் என்று நம்பி வர முடியாது.

மெர்சிங்கிலிருந்து விரைவுப் படகில் ராவா தீவுக்குப் போகலாம் என்றும் ஒரு யோசனை சொன்னான். வெண்மணல், தெளிந்த நீர், படத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? "அவ யோசிக்கணும்னு சொன்னா என்ன பண்ணுவே? திரும்பி வர்ற படகுல ரெண்டு பேரும் மூஞ்சிய எங்க வச்சுக்குவீங்க?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

நான் பார்த்த எல்லா இடங்களையும் இந்த ஒரு கேள்வியால்தான் அளந்தேன். கேட்கப்படுகிறவள் தயங்கவும், அழவும், மறுக்கவும்கூட அந்த இடத்தில் வசதி இருக்க வேண்டும். சில விடுதிகளில் 'மேரி மீ' என்று ஆளுயர எழுத்துகளை விளக்குப் போட்டு நிறுத்துகிறார்கள். சுற்றிலும் முகம் தெரியாதவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அத்தனை கண்களுக்கு முன்னால் ஒரு பெண் எப்படித் தன் மனத்தில் இருப்பதைச் சொல்வாள்?

கடைசியில் மனம் நின்றது கிழக்குக் கரையில். செனாய்-தேசாரு நெடுஞ்சாலை 77 கிலோமீட்டர். 2011-இல் முழுதாகத் திறக்கப்பட்டது. ஜொகூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனால் தேசாரு. மணல்வெளி நீளமானது, பின்னால் சவுக்கு மரங்கள். விடுதிகளைக் கடந்து கொஞ்ச தூரத்தில் தஞ்சோங் பாலாவ். மீனவர் அருங்காட்சியகமும், மீன்பிடிப் படகுகளும், கடலுக்குள் இறங்கும் பாறைகளுமாக எளிமையான கரை. வேலைநாள் காலையில் மீனவர்களைத் தவிர அதிகம் பேர் வருவதில்லை.

பலரும் மாலையைத்தான் கேட்பார்கள். கிழக்குக் கரையில் சூரியன் நமக்குப் பின்னால், நிலத்தின் பக்கம் மறைகிறது. கடல் சீக்கிரமே மங்கிவிடும். காலை அப்படியல்ல. நீருக்கு மேலே சூரியன் எழுந்து நேராக முகத்தில் அடிக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அது செங்குத்தாக ஏறுவதால் பொன்னிற வெயில் சற்று நேரம்தான். ஒன்பது மணிக்கெல்லாம் கண் கூசி, முகத்தில் நிழல் விழும். ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே உதயம். 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதால் கிடைத்த வசதி இது. எனக்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழ் மரபு கடலோர நெய்தல் திணைக்கு, சூரியன் சாயும் எற்பாட்டைப் பொழுதாகவும் இரங்கலை உரிப்பொருளாகவும் வைத்தது. கோவலனும் மாதவியும் பிரிந்ததும் புகார்க் கடற்கரையில்தான். கடலோரத்து மாலை ஏக்கத்துக்குரியது என்றே என் மனத்தில் பதிந்திருக்கிறது. கேட்பதற்குக் காலைதான் நல்லது.

மே மாதம், ஒரு புதன்கிழமை. படம் எடுப்பவரைச் சவுக்கு மரங்களுக்குள், தூரத்தை இழுக்கும் லென்ஸோடு நிறுத்தினோம். அவன் கை காட்டும்வரை கேமராவைத் தூக்கக்கூடாது என்று பேச்சு. நான் காரிலேயே இருந்துவிட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லையாம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரோரமாகத் தனியே கொஞ்ச தூரம் நடந்திருக்கிறாள். திரும்பி வந்து, கல்யாணத்துக்குப் பிறகும் தான் படிப்பைத் தொடர வேண்டும் என்று முதலில் பேசியிருக்கிறாள். அதன் பிறகுதான் சம்மதம். படங்களில் அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு வெயிலோடு இந்தப் பேச்சும் ஒரு காரணம்.

நீங்களும் போவதானால் ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் போங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் இந்தக் கடல் முரட்டுத்தனமானது. சிவப்புக் கொடி கண்டால் இறங்காதீர்கள். மற்ற மாதங்களிலும் விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்மழை வரலாம். மாற்று நாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓதம் இறங்கும் நேரத்தில் பாறைகள் பாசி பிடித்து வழுக்கும். 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் சனி, ஞாயிறே வார விடுமுறை. சிங்கப்பூர்க் கூட்டமும் அன்றுதான் சேரும், ஆகவே வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பலூனும் பிளாஸ்டிக் பூவிதழும் வேண்டவே வேண்டாம். கடலாமைகள் உலவும் நீர் அது. அவள் "யோசித்துச் சொல்கிறேன்" என்றால், அன்றைய படங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள்.